காற்று அளந்த பெட்டி

புரட்டாசி 17, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மேற்கே மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. தசரா லீவு ஆரம்பம். செய்ய வேண்டியவை: இங்கிலீஷ் பாடம் இரண்டு, பாவாடை ஓரம், கொலுப் பொம்மைகளைத் துடைக்க, அண்ணனின் ஊதியைக் கழுவ.

கடைசி வேலை முதலில். கொல்லன் பட்டறையிலிருந்து இரவல் வந்த ஊதி. பெரிய இரும்பு நத்தை மாதிரி இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பக்கம் காற்றை இழுத்து மறு பக்கம் தள்ளும். உள்ளே கரித்தூள், ஒட்டடை, காய்ந்துபோன ஒரு பல்லி. ஈர்க்குச்சியால் இழுத்தேன். வால் மட்டும் தனியாக வந்தது. தூ. சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

எல்லாம் சண்முகம் அண்ணனால். நெல்லையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. எஞ்சினுக்கு மேல் மூடி மாதிரி இருக்கும் ஹெட்டில் காற்று நுழைகிற வழிகள் உண்டு. அவற்றை அரம் போட்டு அகலமாக்கி, கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டால் காற்று கூடுதலாகப் போகுமாம். நம் பஸ் சிவகிரி ரோட்டில் போட்டிக்கு ஓடும் பச்சை வண்டியை முந்திவிடுமாம். யுத்த காலத்தில் வண்டி கரியில் ஓடியபோது மாட்டியிருந்த பழைய ஹெட் ஒன்று ஷெட்டில் கிடக்கிறது. அதில் ஒரே ஒரு வழியை மட்டும் தேய்த்து வைத்திருக்கிறான். முகம் பார்க்கலாம். பார்த்தேன். மூக்கு பெரிதாகத் தெரிந்தது.

அப்பா சொன்னது: "பளபளப்பு எனக்கு எதுக்குலே? காத்து கூடப் போகுதுன்னு அளந்து காட்டு. காட்டிட்டா ஓடுத வண்டி ஹெட்டையும் கழத்தித் தாரேன். இல்லேன்னா அதுமேல அரம் படக்கூடாது, சொல்லிட்டேன்."

அந்த ஓடுகிற ஹெட்டை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிடுகிறோம். அரம் கொஞ்சம் ஆழமாகப் போனால் பக்கத்தில் தண்ணீர் ஓடும் அறை. ஓட்டை விழுந்தால் ஹெட் குப்பை. வேறு ஹெட் மதராஸிலிருந்து வர வேண்டும். வருமோ வராதோ. தீபாவளிக் கூட்டம் முழுக்கப் பச்சை வண்டிக்கு.

அளக்கத் தெரியாமல் அண்ணன் என்னிடம் வந்தான். "ஏட்டி வடிவு, உன் சயன்ஸ் புஸ்தகத்துல காத்து அளக்க என்னமும் போட்டிருக்கா?"

போட்டிருக்கிறது. சொன்னதற்குக் கூலி பல்லி.


புரட்டாசி 18, வியாழன்

வெயில். பெட்டி ஆயிற்று.

தேயிலைப் பெட்டி ஒன்று. அதன் முகத்தில் பித்தளைத் தட்டு, தட்டின் நடுவில் வட்ட ஓட்டை. காற்று முழுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். பெட்டியிலிருந்து ஹெட்டுக்குள் போகும், திறந்த வால்வைத் தாண்டிக் கீழே ஒரு பெரிய டின்னுக்குள் இறங்கும், டின்னிலிருந்து ஊதி இழுத்துக்கொள்ளும். வால்வு எப்போதும் ஒரே அளவு திறந்திருக்க ஒரு போல்ட்.

கண்ணாடிக் குழாய் இரண்டு, அடுப்பில் காட்டி நான் வளைத்தவை. உள்ளே மை கலந்த தண்ணீர். ஒரு குழாய் ஹெட்டின் இரு பக்கமும். அதில் மை எப்போதும் சிவப்பு நூல் கட்டிய இடத்தில் நிற்க வேண்டும், அதற்குத் தக்கபடி ஊதியைச் சுற்ற வேண்டும். மற்றது தட்டுக்கு. அதில் மை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு காற்று. அவ்வளவுதான். அண்ணனுக்கு மூன்று தடவை சொல்லியும் "ரெண்டு குழாய் எதுக்கு?" என்கிறான்.

முதலில் வெட்டிய ஓட்டை பெரிதாகிவிட்டது. மை அசையவே இல்லை. வேறு தட்டில் சின்னதாக வெட்டினோம். அதே சுற்றுக்கு மை சர்ரென்று ஏறியது. இதை மறக்கக் கூடாது: ஓட்டை சிறுத்தால் அதே காற்றுக்கே மை கூட ஏறும். தட்டை மாற்றினால் பழைய அளவெல்லாம் குப்பை. "இனி இந்தத் தட்டுல யாரும் கை வைக்கப்பிடாது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இடுக்குகளில் காற்று ஒழுகாமல் இருக்கக் களிமண் பிசைந்தேன். கண்டக்டர் மாடசாமி அண்ணாச்சி வந்து நின்று பார்த்தார். வெற்றிலையை அங்கேயே துப்பினார். களிமண்ணுக்கு ஒரு சாண் தள்ளி. பார்க்காமல் பிசைந்திருந்தால்? உடம்பெல்லாம் கூசுகிறது.

"டிக்கெட் போட எனக்கு ஒரு பெட்டி, காத்து போட உங்களுக்கு ஒரு பெட்டி. ரெண்டுலயும் ஒண்ணும் நிக்கப்போறதில்லை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் எல்லாம் சிவப்பு.


புரட்டாசி 20, சனி

மேகம், மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் இன்னும் கீழே.

அளந்தோம். ஊதி சுற்றியது அம்மா, அண்ணன் வால்வுக்கு, நான் குழாய்க்கு.

அம்மா: "இந்தச் சுத்துக்கு ஒரு மரக்கா மாவு ஆட்டியிருப்பேன். நாலு வீட்டுக்குத் தோசை ஊத்தலாம்."

ப.வ. (அரம் படாத பழைய வழி): மூன்றரை அங்குலம்.
பு.வ. (அண்ணன் கண்ணாடியாகத் தேய்த்த வழி): மூன்றே கால்.

கூடவில்லை, கால் அங்குலம் குறைவுதான். மறுபடி. அதே. வால்வைக் கழற்றிப் பூட்டி மறுபடி. அதே.

அண்ணன் முகம் போன போக்கு. "அம்மா சுத்துத லெச்சணம் அப்படி" என்றான். அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மாடசாமி அண்ணாச்சி சுற்றினார். மூன்றே கால். பிறகு குழாய் கோணல் என்றான், மை தடிப்பு என்றான், நான் குனிந்து பார்க்கிறேன் என்றான். கண் மட்டத்தில்தான் பார்த்தேன். தரையில் படுத்துப் பார்த்தேன். ஆயில் பட்டு நல்ல தாவணி போயிற்று.

அவன் பெட்ரோல் கையோடு என் இங்கிலீஷ் நோட்டைத் தூக்கி விசிறிக்கொண்டான். நாலு விரலும் பதிந்திருக்கிறது.

"அப்பாட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாத. பூஜை கழியட்டும். பூஜை போட்டு அளந்தா சரியா வரும்."

பூஜை போட்டால் மூன்றே கால் நாலே கால் ஆகுமா? கேட்டேன். "உனக்குச் சாமி பயம் கிடையாதா ஏட்டி?" என்கிறான். உண்டு. பரீட்சைக்கு முன்னால் நிறைய உண்டு. ஆனால் அளவு என்பது வேறு.


புரட்டாசி 21, ஞாயிறு

கொலுப் பொம்மை துடைத்தேன். செட்டியார் பொம்மைக்கு மூக்கு இல்லை. பச்சரிசி மாவு ஒட்டினேன், விழுந்தது.

பக்கத்துத் தெருச் செண்பகம் வந்தாள். ஷெட்டைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்க வீட்டுல எல்லாம் பொம்பளப் பிள்ளைக பாட்டுப் படிக்கும்" என்றாள். அவள் பாட்டைக் கேட்டிருக்கிறேன். ஷெட் தேவலை.

சுண்டல்: கடலை, உப்பு அதிகம்.


புரட்டாசி 22, திங்கள்

தூரம். விடியும்போதே. இந்த வாரமா வர வேண்டும்.

பின்கட்டு அறை. பாய், சொம்பு, தட்டு, இந்த நோட்டு, ஒரு பென்சில். புத்தகமெல்லாம் அம்மா கொலு முன்னால் அடுக்கிவிட்டாள். நாளை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. இந்த நோட்டை நான் தொட்டுவிட்டதால் சரசுவதி இதை ஏற்க மாட்டாள். நானும் நோட்டும் சேர்ந்து தீட்டு. நல்லதாய்ப் போயிற்று, எழுதலாம்.

சோறு வாசல்படியில். எறும்பு எனக்கு முந்திவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே ஷெட்டின் சுவர். பேச்சு கேட்கிறது. ஆள் தெரியாது.


புரட்டாசி 23, செவ்வாய், ஆயுத பூஜை

மணி சத்தம், கற்பூரம், சாம்பிராணி. வண்டியைக் கழுவி மாலை போட்டிருப்பார்கள். பார்க்கவில்லை. வாழைக் குலை தகரத்தில் உராய்கிற சத்தம் மட்டும்.

அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பொட்டு வைத்தது கேட்டது. "ஜாக்கிக்கு வச்சாச்சு. ஸ்பானருக்கு வச்சாச்சு. பம்புக்கு. ஏலே சண்முகம், அந்தக் காத்துப் பெட்டியைக் கொண்டா. அதுவும் இப்பம் நம்ம ஆயுதம்தான்." பிறகு ஒரு சிரிப்பு: "நல்லா வாட்டமா நெத்தி இருக்கே இதுக்கு!"

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். நான் கட்டிய பெட்டிக்கும் பொட்டு.

பொரி ஒரு கிண்ணம். நமுத்துப்போயிருந்தது. பூசணிக்காய் உடைத்ததில் ஒரு துண்டு ஜன்னல் வழியாக வந்து பாயில் விழுந்தது. குங்குமமும் சாறுமாகப் பாயெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. ஈ. இரவெல்லாம் புளித்த வாடை.


புரட்டாசி 24, புதன்

விஜயதசமி. ஆயுதங்களை எடுத்து வேலை தொடங்குகிற நாள். சுவருக்கு அப்பால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

மாடசாமி அண்ணாச்சி: "என்னவே, இன்னைக்குக் கைப்பிடி இம்புட்டுக் கனக்கு?"

அண்ணன்: "காத்து கூடப் போகுதுல்லா. அதான் கனம். சுத்தும்வே... நூல்ல நிக்கட்டும்... நிக்குது, நிக்குது!"

பிறகு ஒரு அலறல். யாருக்கோ விரல் நசுங்கிவிட்டது என்று நினைத்தேன். "ஆறரை! அப்பா, ஆறரை அங்குலம்! மூணே காலு ஆறரை ஆயிட்டுப்பா!"

ஆறரை? சனிக்கிழமையும் அதே வழி. அதே வால்வு. யாரும் அரம் போடவில்லை, பூஜையில் எதையும் தொடக் கூடாது. இரும்பு எப்படி ஒரே ராத்திரியில் விரியும்?

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அரம் படாத பழைய வழியையும் அளந்து பாருங்க! இன்னைக்கே அளக்கணும்! அது என்ன காட்டுதுன்னு பாருங்க!"

பதிலுக்கு வந்தது அம்மாவின் குரல்தான். "ஏட்டி, தூரத்துல இருந்துக்கிட்டு விஜயதசமியும் அதுவுமா கத்தாத! வாயை மூடு!"

பழையதை அளக்கவில்லை. மிட்டாய் வாங்கி வந்தார்கள். வாசல்படியில் எனக்கும் ஒன்று. எறும்புக்குக் கொடுத்தேன்.

மத்தியானம் முழுக்க அரத்தின் கர்கர். பழைய ஹெட்டில் பாக்கி இருந்த வழிகளையெல்லாம் தேய்க்கிறான். போகட்டும், அது கரி வண்டி ஹெட். ஆனால் சாயங்காலம் ஸ்பானர் சத்தம். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். ஓடுகிற வண்டியின் ஹெட்டைக் கழற்றுகிறார்கள். அதற்கு நாளைக் காலையில் அரம்.

என்னை வெளியே விடுவதும் நாளைக் காலையில்தான்.

அருவருப்பாக இருக்கிறது. பல்லி, வெற்றிலைச் சாறு, பூசணி எல்லாம் ஒன்றுமில்லை. ஒரு எண் தனக்குப் பிடித்த மாதிரி வந்தவுடன் இத்தனை பேரும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்களே, அதுதான். அப்பாவும். ஒரு டயர் வாங்கக் கடைக்காரரை ஒரு நாள் முழுக்கக் குடைகிற அப்பா.


புரட்டாசி 25, வியாழன்

தூறல். முதல் தூறல்.

தலைக்கு ஊற்றி முடித்ததும் முடியைக்கூடத் துவட்டவில்லை, ஷெட்டுக்கு ஓடினேன். நல்ல ஹெட் பலகையின்மேல். சாக்பீஸால் கோடு போட்டிருந்தான் அண்ணன். கையில் அரம். வெள்ளைச் சட்டை வேறு, நல்ல காரியமாம்.

பெட்டியைப் பார்த்தேன். பித்தளைத் தட்டில் சந்தனம். சும்மா ஒரு துளி இல்லை, பெருவிரலால் அப்பி, மேலே குங்குமம். ஓட்டையின் விளிம்பில் வழிந்து, உள்ளே இறங்கி, காய்ந்து கல்லாகியிருக்கிறது. வட்டம் பிறையாகிவிட்டது. அதில் ஒரு செத்த ஈ.

"நெத்தி வாட்டமா இருக்கு" என்று அப்பா சொன்னது இதைத்தான்.

"அண்ணே, அரத்தை வை. ஓட்டை அடைச்சிருக்கு. ஓட்டை சிறுத்தா மை ஏறும்னு சொன்னேன்லா?"

"என்னத்த அடைச்சிருக்கு? அது பொட்டு."

"பொட்டுதான் அடைச்சிருக்கு!"

கையை நீட்டினேன். அம்மா வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "பூஜைச் சந்தனத்தைச் சுரண்டுவாங்களாட்டி? அது தானா உதிரணும். நேத்துக் கத்தினது போதாதா உனக்கு?"

அப்பா பலகைக்கு அந்தப் பக்கம் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அழுதால் அவ்வளவுதான், பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். யோசித்தேன். அப்புறம் சொன்னேன்: "சரி, சுரண்டல. தட்டைத் தொடவே இல்ல. பொட்டு அப்படியே இருக்கட்டும். இந்த நல்ல ஹெட்டை ஒரே ஒரு தடவை பெட்டில வச்சுச் சுத்துங்கப்பா. அரமே படாத ஹெட்டு. நேத்து அரம் போட்டது ஆறரை காட்டிச்சுல்லா? இது மூணரைதான் காட்டணும். காட்டினா அண்ணன் அரம் போடட்டும்."

"நேரம் போகுதுப்பா" என்றான் அண்ணன்.

அப்பா பீடியை எறிந்தார். "வைலே. சுத்துததுக்கு என்ன, துட்டா கேக்குது?"

அவரே சுற்றினார். வால்வைப் போல்ட்டால் அழுத்தியது அண்ணன், நான் தொடவில்லை. யாரும் அப்புறம் சொல்ல வேண்டாம். முதல் குழாயில் மை சிவப்பு நூலுக்கு வந்தது. மற்றதில் மூன்றரையைத் தாண்டியது. ஐந்து. ஆறரை. அண்ணன் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தான். ஏழு. குழாயே ஏழுதான். மை மேல் வாயில் முட்டி, கொப்பளித்து, அவன் சட்டையிலும் முகத்திலும் தெறித்தது.

அப்பா கைப்பிடியை விட்டார். ஊதி தானாகச் சுற்றி நின்றது.

"அப்போ அரம் போடாததுதான் கூட இழுக்குதுங்கியா?"

"இல்லப்பா. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மை ஏத்துதது சந்தனம்."

மாடசாமி அண்ணாச்சி ஒரு கணம் பார்த்துவிட்டு, "அப்படிச் சொல்லு தாயி! அப்போ வண்டிக்குள்ளயே ஒரு உருண்டை சந்தனத்தை அப்பிட்டாப் போதுமே. பச்சை வண்டி நம்ம புழுதியைக்கூடப் பாக்க முடியாது!" என்றார்.

சிரித்தது அவர் மட்டும். பொட்டு வைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பாவின் கழுத்து சிவந்தது. "சாமிக்கு வச்சதுல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டா. பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு வாய் ஆகாது" என்றார். அப்புறம் அண்ணனைப் பார்த்து: "ஹெட்டைத் திருப்பி மாட்டுலே. அரத்தை எடுத்து உள்ள வை. என் கண்ணுல படப்பிடாது."

அண்ணன் மை முகத்தோடு நின்றான். பாவமாகக்கூட இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை, ஆசைப்பட்டான். ஆனால் போகிற போக்கில் "நீ கத்தின தீட்டுதான் எல்லாத்தையும் கெடுத்துட்டு" என்றான். பாவம் போய்விட்டது.

அம்மாவும் அதையே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் அப்பா, "பூஜைக்கு ஹெட்டை இறக்கி உள்ள படிஞ்ச கரியைத் தட்டினோம்" என்றாராம். மாடசாமி அண்ணாச்சி வந்து சொன்னார்.

ஆக, யாரும் தப்புச் செய்யவில்லை. காற்று அளந்த கதையே நடக்கவில்லை.


புரட்டாசி 26, வெள்ளி

ராத்திரி நல்ல மழை. மண் வாசனை. ஷெட் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது.

முதல் டிரிப்புக்கு வண்டி கிளம்பிப் போயிற்று, பழைய மாதிரியே இருமிக்கொண்டு. அந்தச் சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்ததில்லை. வழக்கம் போல் பச்சை வண்டி முந்தியிருக்கும்.

பட்டறையிலிருந்து ஊதியைக் கேட்டு ஆள் வந்தது. கழுவிக் கொடுக்கலாம் என்று போனேன். மழைக்கு ஒதுங்கிய தேரை ஒன்று உள்ளே. கழுவாமலே கொடுத்துவிட்டேன்.

பெட்டியைத் தூக்கி மேலே வைக்கப் போனபோது பார்த்தேன். பித்தளைத் தட்டு பளிச்சென்று இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்த பளிச். ஓட்டை முழு வட்டம், விளிம்பில் ஒரு துகள் இல்லை. பெட்டியின் மேல் பலகையில், தட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, மரத்தின்மேல் ஒரு சந்தனப் பொட்டு. புதியது.

அம்மாவைக் கேட்டேன். "நான் எதுக்குட்டி தொடுதேன் அதை?" அண்ணன் நேற்று மத்தியானமே கோபித்துக்கொண்டு ராயகிரி மாமா வீட்டுக்குப் போனவன், இன்னும் வரவில்லை.

அப்பா இரண்டாவது டிரிப்புக்கு முன்னால் சாப்பிட வந்தார். சட்னிக்குக் கை நீட்டும்போது பார்த்தேன். பெருவிரல் நகத்துக்குள் மஞ்சளாக, காய்ந்து. கழுவாத கை. அந்தக் கையாலேயே தன் தட்டிலிருந்து ஒரு தோசையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"தின்னு."

குமட்டியது. வேண்டாம் என்றேன். அவர் எழுந்து போன பிறகு தின்றுவிட்டேன்.